டிராலி வண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

சக்கரம் உள்ள எதுவும் எங்கள் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாமல் ஓடத் தொடங்கியது கிடையாது. கார், லாரி, ஆட்டோவுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். மீன் கொண்டுவருகிறவர் வாங்கிய பழைய பைக்குக்கும் பழம் உண்டு. எங்கள் மகள் அனிதாவுக்குச் சின்ன வயதில் மூன்று சக்கர சைக்கிள் வாங்கியபோது அதற்கும் பழம் வைத்தவன் நான். (சைக்கிள் பழத்தின் மேல் ஏறவில்லை. பிள்ளையோடு சேர்த்து நான்தான் தூக்கி ஏற்றினேன்.) எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பக்தி நிற்கவில்லை. இது இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரில் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

பேச்சிப்பாறை அணைக்குப் போகிற சாலையில், கால்வாய் ஓரமாக, எனக்கு ஒரு சாயாக்கடை. கடையை ஒட்டினாற்போல மேட்டில் ஒரு துண்டுத் தண்டவாளம் கிடந்தது. அதன் மேல் ஓர் இரும்பு வண்டி. நாலு சக்கரம், கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஊரில் டிராலி என்போம். மலையிலிருந்து கல் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் இறக்குவதற்காகப் போட்டது என்பார்கள். யார் போட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜா பெயர் சொல்வார்கள். மீதித் தண்டவாளமெல்லாம் பழைய இரும்பு எடுக்கிறவர்களின் புண்ணியத்தில் எப்போதோ போய்விட்டது. இந்தத் துண்டு மட்டும் மேட்டில் தொடங்கி, சரிவில் இறங்கி, நேராகக் கடவில் போய் முடியும். (படித்துறையை நாங்கள் கடவு என்போம்.) வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இந்தச் சரிவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் சுற்றுலாவை வளர்ப்பதற்கு என்று பஞ்சாயத்துக்கு ஒரு நிதி வருவதாகச் சொன்னார்கள். எங்கள் வார்டில் ஒரே ஒரு வேலைக்குத்தான் தேறும் என்றார் மெம்பர். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிரிந்தது.

ஒன்று டிராலி கட்சி. தண்டவாளத்தைச் சீராக்கி, வண்டிக்குச் சாயம் பூசி, சுற்றிலும் பூச்செடி வைத்தால் அணை பார்க்கப் போகிற வண்டிகளெல்லாம் இங்கே நிற்கும் என்பது எங்கள் கொள்கை. இதற்குத் தலைவன் ஜஸ்டின். வளைகுடாவில் பல காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

"அண்ணே, அங்கயெல்லாம் இதுமாதி துருப்பிடிச்ச ஒரு பெட்டிய நிறுத்தி, கயிறு கெட்டி, டிக்கெட் போட்டு காட்டுகான். நம்ம ஊருல அதுக்க மேல வேட்டிய காயப்போடுகானுவ" என்று ஜஸ்டின் வருத்தப்பட்டான்.

அந்த வேட்டி என்னுடையது. அன்றைக்கே எடுத்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தேன். வண்டிகள் நின்றால் சாயா குடிப்பார்கள், சாயா குடித்தால் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) வாங்குவார்கள். இதுதான் எனக்குத் தெரிந்த சரித்திர ஆராய்ச்சி.

மற்றது கடவு கட்சி. கால்வாயில் இறங்குகிற படிகள் உடைந்து, ஆடி, பாசி பிடித்துக் கிடந்தன. ஊர்ப் பெண்கள் துணி நனைத்துத் துவைப்பதும் குளிப்பதும் அங்கேதான். முந்தின மழையில் ஒரு பெண் வழுக்கி விழுந்து, கை முறிந்து, கட்டுப்போட்டு, கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை லேசாக வளைந்தே நின்றுவிட்டது. நிதியைக் கடவுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று அந்தப் பெண் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அவர்தான் அந்தக் கட்சியின் தலைவி. பெயர் சுலோசனா. என் மனைவி.

"கல்லு சுமந்த வண்டிக்கு மாலையும் மரியாதையும். துணி சுமந்து எறங்குகிய பொம்பளையளுக்கு ஒண்ணும் இல்ல, என்னா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி, வண்டி வந்தா ஆளு வரும், ஆளு வந்தா ரூவா வரும், அப்பறம் கடவைக் கெட்டிக்கிடலாம்லா."

"அதுவரைக்கும் நான் மத்த கையையும் ஒடைக்கணுமா?"

அன்றிலிருந்து மீன் குழம்பில் எனக்கு வால் துண்டு மட்டுமே வந்தது. தேங்காய்ப்பட்டணத்து மீனுக்கு அத்தனை வால் உண்டு என்பதை அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் திருவட்டாறு பெருமாளிடம் சொல்லாமல் முடிவதில்லை. அங்கே பெருமாள் படுத்திருப்பவர். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழுசாகப் பார்க்கமுடியும். அந்த மாதம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம், பேசாமல் போனோம். நான் முக வாசலில் நின்று டிராலியைப் பற்றிச் சொன்னேன். அவள் பாத வாசலில் நின்று கடவைப் பற்றிச் சொன்னாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் எதிரெதிராக இரண்டு விண்ணப்பம் போனால் சாமிதான் என்ன செய்வார்? திரும்பி வரும்போது பாயசத்தை மட்டும் ஒரே தூக்குப்பாத்திரத்தில் வாங்கிக்கொண்டோம்.

இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு எதற்கு நிதி என்று எழுதுவதற்கு ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஜஸ்டினும் நானும் வண்டியைத் தயார்ப்படுத்தினோம். சாயாக்கடையில் கூட்டம் குறைகிற நேரமெல்லாம் துரு சுரண்டினேன். ஜஸ்டின் மண்ணெண்ணெய் ஊற்றினான், கிரீஸ் வைத்தான். அவன் போனபிறகு நான் என் பங்குக்கு விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயையும் ஊற்றினேன். பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கட்டும் என்றுதான் செய்தோமே தவிர, ஓட்டிக் காட்டும் எண்ணம் இருவருக்கும் இல்லை. சரிவைப் பார்த்த பக்கத்துச் சக்கரம் இரண்டுக்கும் முன்னால் இரண்டு கருங்கல் இறுகிப்போய் இருந்தன. அதைத் தொட்டுக் காட்டி ஜஸ்டின் சொன்னான்:

"அண்ணே, எதைத் தொட்டாலும் இந்தக் கல்லு ரெண்டையும் தொடப்பிடாது, கேட்டியளா. இதுதான் இதுக்க பிரேக்கு."

கேட்டேன். தலையும் ஆட்டினேன்.

அதிகாரி வருகிற நாள் காலையில் ஜஸ்டின் அவரை அழைத்துவரப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்விட்டான். நான் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டேன். தேங்காய் உடைத்தேன். பிறகு எலுமிச்சம்பழம். பின்சக்கரம் இரண்டுக்கும் வைத்தாகிவிட்டது. முன்சக்கரத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். பழம் வைக்கவேண்டிய இடத்தில் கல் உட்கார்ந்திருக்கிறது.

கல்லுக்கு முன்னால் பழத்தை வைத்துப் பார்த்தேன். அது கல்லுக்குச் செய்த பூஜையாகத் தெரிந்தது. கல்லின் மேல் வைத்தேன். உருண்டு போனது. சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவில் இன்னொன்று இருந்தால் கண்ணேறு எப்படிக் கழியும்? முன்சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்கு மட்டும் வைத்தால் அதைவிடக் குற்றமில்லையா? இப்படியெல்லாம் யோசிக்கிறவன் இடையில் ஒருதடவை அந்தச் சரிவையும் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கடப்பாரையை எடுத்து, 'கேசவா' என்று நெம்பி, கல் இரண்டையும் அப்புறப்படுத்தி, கடைக்குள் பத்திரமாக வைத்தேன். அந்த இடத்தில் இரண்டு நல்ல பழமாகப் பார்த்து வைத்தேன்.

வண்டி அசையவில்லை. இதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னை முழு மடையன் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். கல் பார்த்த வேலையைப் பழம் பார்த்தது. பெருமாள் கடாட்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மெம்பரும் ஜஸ்டினும் இரண்டு பக்கமும் வர, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டிராலி கட்சி முழுவதும் கூடி நின்றது. கடவு கட்சி கீழே கடவில் இருந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று அன்றைக்குப் பார்த்து ஊரில் உள்ள போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் கொண்டுவந்து நனைத்துக்கொண்டிருந்தார்கள். சுலோசனா நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை.

"மேல ஏறலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தாராளமா ஏறுங்க சார், பூசை போட்டாச்சு" என்றேன்.

கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வண்டி மேல் போட்டோம். அவர் உட்கார்ந்தார். கையில் சாயா கொடுத்தேன். மடியில் உப்பேரித் தட்டு. மெம்பரும் ஏறிப் பக்கத்தில் நின்றுகொண்டார். (மெம்பர் கொஞ்சம் கனத்த உடம்பு. பழத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது முக்கியமான விஷயம்.) ஜஸ்டின் போனை எடுத்துப் படம் பிடிக்க நின்றான். நான் கற்பூரத் தட்டோடு நின்றேன்.

"சார், கொஞ்சம் முன்னால சாஞ்சு இருங்க. மெம்பரண்ணே, நீங்களும் ஒரு எட்டு முன்னால வாங்க" என்றான் ஜஸ்டின்.

பச்சக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

வண்டி வேகமாகப் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் விபத்து என்று எல்லாருக்கும் உடனே புரிந்திருக்கும். அது தேர் போல, நிதானமாக, மரியாதையாகக் கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. யாரோ ஓர் அம்மா குரவை இட்டார். அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அட, ஓடுதே! இதை நீங்க முன்னாடியே சொல்லலையே!" என்று மெம்பரைப் பார்த்துச் சொன்னார்.

மெம்பருக்குத் தண்டவாளம் எங்கே முடிகிறது என்று தெரியும்.

"ஏலே தங்கப்பா! புடிலே! வண்டியப் புடிலே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தேர்தல் சமயத்தில் இதே வாய்தான் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டது.

நான் பிடிக்கத்தான் ஓடினேன். ஆனால் கையில் கற்பூரம் எரிகிறது. எரிகிற கற்பூரத்தைக் கீழே போடுவது எப்படி? அதனால் ஒரு கையில் தட்டோடும் மறு கையால் வண்டியைத் தொட்டுக்கொண்டும், "கேசவா, கேசவா" என்று கூடவே ஓடினேன். பார்க்கிறவர்களுக்கு வண்டி முன்னே போக நான் தீபாராதனை காட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் கைகூப்பிக் கும்பிட்டார்கள்.

பின்னாலிருந்து ஜஸ்டின் கத்தினான்: "அண்ணே, கல்லு எங்க?"

"பத்திரமா இருக்கு மக்கா! கடையில எடுத்து வச்சிருக்கேன்!"

ஜஸ்டின் அதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுதமுடியாது. அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.

கீழே கடவில் சுலோசனா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, எல்லாரும் மாறுங்கோ! வண்டி வருகு!"

"யாருக்க வண்டி அக்கா?"

"வேற யாருக்க? எனக்க வீட்டுக்காரருக்க வண்டிதான்!"

பெண்கள் ஜமுக்காளங்களோடு இரண்டு பக்கமும் விலகினார்கள். வண்டி தண்டவாளத்தின் முனைக்கு வந்து, மேல்படியில் இடித்து, நின்றது. அதிகாரி நிற்கவில்லை. நாற்காலியோடு சேர்ந்து, ஏதோ பழக்கப்பட்டவர் போலச் சத்தமில்லாமல் கால்வாயில் இறங்கினார். மெம்பர் மட்டும் செவ்வந்தி மாலையைக் கட்டிப்பிடித்தபடி வண்டி மேல் குப்புறக் கிடந்தார்.

இடுப்பளவு தண்ணீர்தான். அதிகாரி எழுந்து நின்றார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கையில் சாயா கிளாஸ் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்தது கால்வாய். ஒரு பெரிய மனிதர் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. உப்பேரி மட்டும் அவரைச் சுற்றி மிதந்தது.

அவர் படியில் கால் வைத்து ஏறப்பார்த்தார். வழுக்கித் திரும்ப உட்கார்ந்தார். எழுந்தார். பக்கத்துப் படியில் வைத்தார். அது ஆடி அவரைத் திரும்ப அனுப்பியது. அப்போதுதான் சுலோசனா, எத்தனையோ காலம் அந்தப் படிகளில் இறங்கி ஏறினவள், மேலே நின்றுகொண்டு பொறுமையாகச் சொல்லத் தொடங்கினாள்.

"சார், அந்தப் படியில சவுட்டாதியோ, அது ஆடும். எடது பக்கம் முழுக்கப் பாசி. நடுவில படியே கெடையாது, கீழ குழி."

"அப்ப எங்கதாம்மா கால் வைக்கிறது?"

"அதத்தான் சார் நாங்களும் மனு எழுதி எழுதிக் கேக்கியோம்."

மெம்பர் மாலைக்குள் இன்னும் கொஞ்சம் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பெண்கள் ஈர ஜமுக்காளம் ஒன்றை முறுக்கி நீட்டினார்கள். அதைப் பிடித்துப் பாதி ஏறினார். மீதிக்கு சுலோசனா கை கொடுத்தாள். அவசரத்தில் நீட்டியது அந்த வளைந்த கை. மேலே வந்த பிறகும் அதிகாரி அந்தக் கையை விடாமல் பார்த்தார்.

"கையில என்னம்மா?"

"போன மழைக்கு, இதே படிதான் சார்."

நான் கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கற்பூரம் அணைந்திருந்தது. துருவைச் சுரண்டிச் சுரண்டி அந்த வண்டியின் சக்கரம் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. அவள் விழுந்த படி எது என்று அன்றைக்கு அந்த அதிகாரியோடு சேர்ந்துதான் நானும் பார்த்தேன். ஆண்களுக்குக் குளிக்க வேறு இடம் உண்டு, அதனால் பார்த்ததில்லை என்று அப்போது மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது சரியாக உட்காரவில்லை.

அதிகாரியைக் கடைக்குக் கூட்டிவந்து என் வேட்டியையும் சட்டையையும் கொடுத்தோம். ஒருகாலத்தில் டிராலி மேல் காய்ந்த அதே வேட்டி. சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார்:

"அந்தப் பூஜை போட்டது யாரு?"

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. இரண்டு கட்சியும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

"நல்ல பூஜை" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கொஞ்ச நாள் கழித்து மெம்பர் வந்து விவரம் சொன்னார். நிதி கடவுக்கு. புதுப்படி, பிடித்து இறங்கக் கம்பி, துணி மாற்ற ஒரு மறைப்பு எல்லாம் உண்டாம். அணைக்குப் போகிறவர்கள் இறங்கிக் கால் நனைக்கலாம் என்பதால் அதுவும் சுற்றுலாவில் சேருமாம்.

"டிராலிக்கு?" என்று ஜஸ்டின் கேட்டான்.

மெம்பர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நல்ல ஓட்டத்தில இருக்கு, ரிப்பேருக்கு நிதி தேவையில்லன்னு எழுதிட்டாரு."

ஜஸ்டின் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலக் கேக் வந்தது. தட்டில் கேக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அடுத்தமுறை திருவட்டாறு போனபோது பஸ்ஸில் சுலோசனா பேசினாள்.

"பெருமாள் படுத்தே கெடப்பாரு, எந்திரிச்சு வரமாட்டாருன்னு சொல்லுவாவ. வந்தாரு பாத்தியளா?"

"வந்தாரு. ஆனா நான் கூப்பிட்டுல்லா வந்தாரு? உனக்க கட்சிக்கு வேலை பாத்துட்டுப் போயிட்டாரு."

"நீங்க வாசல் மாறி நின்னுட்டியோ" என்றாள். அன்றைக்கு இரவு மீனில் நடுத்துண்டு வந்தது.

வண்டியைத் திரும்ப மேலே ஏற்ற யாரும் முன்வரவில்லை. கடவு கட்ட வந்த கொத்தனார், அது நின்ற இடத்திலேயே சிமெண்டு போட்டு அசையாமல் நிறுத்திவிட்டார். இப்போது பெண்கள் அதன் மேல் வாளியும் சோப்பும் வைக்கிறார்கள். அணைக்குப் போகிற கார்கள் நிற்கின்றன, புதுப்படியில் இறங்கிக் கால் நனைக்கிறார்கள், வண்டி மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள், மேலே வந்து சாயா குடிக்கிறார்கள். இதெல்லாம் தன்னுடைய திட்டம் என்று மெம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். விழுந்தவர்களில் அவரும் ஒருவர்தானே.

அந்தக் கருங்கல் இரண்டில் ஒன்றை சுலோசனா வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். பூஜை அறை வாசலில் இருக்கிறது. போன மாதம் அனிதா வேலைக்குப் போக ஸ்கூட்டர் வாங்கினாள். சந்தனம், மாலை, தேங்காய் எல்லாம் தயார். நான் பழத்தைக் கையில் எடுத்ததும், "அம்மா, அப்பா பழம் எடுத்தாச்சு, ஓடி வா!" என்று அனிதா உள்ளே பார்த்துக் கத்தினாள். சுலோசனா அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னைப் பழம் வைக்க விட்டாள். சமதளமான முற்றம் அது.

ஸ்கூட்டரைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஊருக்குப் புதிது. கல்லில் குங்குமம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன சாமி?" என்று பயபக்தியோடு கேட்டாள்.

அனிதா சிரிக்காமல் சொன்னாள்: "இது அப்பாவுக்க பிரேக்கு அக்கா. தொட்டுக் கும்பிட்டுக்கிடுங்க."

அந்தப் பெண் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.